தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காற்றில் காளான் குடில்: வெப்பமும் ஈரமும் ஒரே கணக்கு

சிப்பிக் காளான் குடிலில் வேலை செய்கிறவர்கள் கையில் எப்போதும் ஒரு தெளிப்பான் இருக்கும். வெயில் ஏறினால் தண்ணீர், மொட்டு காய்ந்தால் தண்ணீர், காளான் சிறுத்தால் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த ஒரு பழக்கத்தாலேயே நிறைய படுக்கைகள், அதாவது வைக்கோல் அடைத்துக் காளான் வளர்க்கும் பைகள், வீணாகின்றன. தண்ணீர் தெளித்தால் குடில் எத்தனை டிகிரி குளிரும் என்பது தெளிப்பவர் கையில் இல்லை. அன்றைக்கு வெளியே காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தால் சிறிய குடிலை ஏசி இல்லாமலே வருடத்தின் பெரும்பகுதி ஓட்டலாம். ஓட்ட முடியாத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் குடிலோடு மல்லுக்கு நிற்காமல் காளானை மாற்றிக்கொள்வதே சரி.

முதலில் எந்த அளவுகளைப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். சிப்பிக் காளானுக்கு இரண்டு கட்டம். வித்து (காளான் விதை) போட்டுக் கட்டிய பையில் வெள்ளை இழை பரவ 15 முதல் 20 நாள் ஆகும். அந்தக் கட்டத்தில் 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும், இருட்டாக இருக்கலாம், காற்றோட்டம் பெரிதாகத் தேவையில்லை. பை மூடியிருப்பதால் அறையின் ஈரப்பதமும் பெரிய விஷயமில்லை. பையைக் கிழித்த பிறகு எல்லாம் மாறிவிடும். வெப்பம் 20 முதல் 26 டிகிரிக்குள், ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம், செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம், தாராளமான காற்று. அதனால்தான் குடிலை நடுவில் தடுத்து இரண்டு அறையாக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டையும் வைத்தால், மூடிய பைகளுக்கு வீணாகத் தண்ணீர் அடிப்போம். அந்த ஈரத்தில் பையின் வெளிப்புறமும் கட்டிய கயிறும் பச்சைப் பூசணம் பிடிக்கும்.

இரண்டு மாவட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் காற்று ஒன்றல்ல. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பகுதி 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே வெயில் காலமும் தாங்கக்கூடியது. மார்கழி, தை இரவுக் குளிர்தான் சிக்கல். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரி, பாலக்கோடு பகுதிகள் அதைவிட நானூறு மீட்டர் தாழ்வு. அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இன்னும் சூடு. ஓசூரில் நன்றாக ஓடுகிற குடிலைப் பார்த்துவிட்டு அதே அளவில், அதே கூரையில் ஊத்தங்கரையில் கட்டுவது சரிப்படாது.

இனி அந்த உலர்ந்த காற்றுக் கணக்கு. மண்பானைத் தண்ணீர் சித்திரையில் சில்லென்றும் ஐப்பசியில் சாதாரணமாகவும் இருப்பது ஏனோ, அதே காரணம்தான் குடிலுக்கும். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருந்தால் நிறைய ஆவியாகும். ஈரமாக இருந்தால் ஆவியாகாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணை ஈரக்குமிழ் அளவு என்பார்கள்; அதுதான் நாம் இறங்கக்கூடிய அடிமட்டம். அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் இறங்காது. ஏப்ரல் மதியம் வெளியே 36 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 23 டிகிரி. இடைவெளி 13 டிகிரி. நல்ல கூலிங் பேட் (தண்ணீர் ஊறிய, காற்று புகும் அட்டை) அதில் முக்கால் பங்கைப் பிடித்துத் தரும். உள்ளே வரும் காற்று 26 டிகிரிக்கு வந்துவிடும். நனைத்த கோணிச்சாக்கு பாதியைப் பிடிக்கும். 29, 30 டிகிரி கிடைக்கும். அக்டோபரில் மழைக்கு நடுவே வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும் நாளில் ஈரக்குமிழ் அளவு 26-ஐத் தாண்டி நிற்கும். இடைவெளி நாலு டிகிரிகூட இல்லை. அன்றைக்குச் சாக்கை நனைத்தாலும் பேட் ஓட்டினாலும் இரண்டு டிகிரி குறைவதே பெரிது. ஆக, கொளுத்துகிற வெயிலைவிடப் புழுக்கமான நாள்தான் குடிலுக்குக் கடினம். பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டு, புழுக்கமான நாளில்தான் அதிகமாகத் தண்ணீர் அடிக்கிறார்கள்.

ஈரக்குமிழ் அளவை அறிய விலை உயர்ந்த கருவி வேண்டாம். சாதாரண வெப்பமானிகள் இரண்டு வாங்கி ஒரே பலகையில் மாட்டுங்கள். தண்ணீருக்குள் வைத்தோ பக்கத்தில் பக்கத்தில் வைத்தோ இரண்டும் ஒரே எண் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றின் குமிழில் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி, துணியின் வால் ஒரு சிறு பாட்டில் மழைநீரில் இருக்கட்டும். ஒரு அட்டையால் இரண்டு நிமிடம் விசிறிவிட்டு இரண்டையும் படியுங்கள். உள்ளே உலர்ந்த வெப்பமானி 25 டிகிரி காட்டும்போது, வித்தியாசம் ஒரு டிகிரி என்றால் ஈரப்பதம் 92 சதவீதம். இரண்டு என்றால் 84. மூன்று என்றால் 77. நாலு என்றால் 70. அறுவடை அறையில் வித்தியாசம் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் துணியை வைத்தால் சில வாரங்களில் உப்புப் படிந்து துணி தண்ணீரை இழுக்காது. வித்தியாசம் குறைவாகக் காட்டி நம்மை ஏமாற்றும். அதனால் துணியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும், கடையில் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் மீட்டரும் நல்லதுதான், சரிபார்த்து வைத்துக்கொண்டால். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறு பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரையக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் அந்த மூடியையும் மீட்டரையும் வைத்து இரவு முழுக்க விட்டால் காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 69 காட்டினால் அந்த மீட்டர் ஆறு குறைவாகக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். 90-க்கு மேல் இந்த மீட்டர்கள் எதுவும் நம்பிக்கைக்குரியவை அல்ல. ஈரத்தில் ஊறிப்போன மீட்டர் 99-லேயே நின்றுவிடும். வெளியே எடுத்து நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். மீட்டரை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். வாசல் பக்கத்திலோ தெளிக்கும் நீர் விழும் இடத்திலோ மாட்டினால் பயனில்லை. நடு வரிசையில், தொங்கும் படுக்கைகளின் நடு உயரத்தில் ஒன்று. கூரைக்கு ஒரு அடி கீழே இன்னொன்று. மதியம் இரண்டு மணிக்கு இரண்டுக்கும் மூன்று, நாலு டிகிரி வித்தியாசம் வந்தால் கூரை சூட்டை உள்ளே தள்ளுகிறது என்று அர்த்தம். அங்கே தண்ணீர் தெளிப்பதைவிடக் கூரையைக் கவனிப்பதே வேலை.

கூரைக்குத் தென்னங்கீற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. கீற்றை நெருக்கி வேய்ந்து, நீள வாக்கை கிழக்கு மேற்காக வைத்தால் பக்கச் சுவரில் வெயில் குறைவாகப் படும். மாந்தோப்பு ஓரத்தில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மரத்துக்கு மருந்து அடிக்கும் நாளில் குடிலின் காற்று வழிகளை மூடிவிட வேண்டும். ஏற்கனவே தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட கொட்டகை இருந்தால் அதை இடிக்க வேண்டாம். ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்து, அதற்கு ஒரு அடி உயரத்தில் மூங்கில் கட்டிக் கீற்றோ நிழல்வலையோ போடுங்கள். இடையில் காற்று ஓட வேண்டும். ஷீட்டோடு ஒட்டிப் போட்டால் பாதிப் பயன்தான். உள்ளே தெர்மோகோல் அல்லது சாக்குத் துணியால் பொய்க்கூரை அமைத்தால், இரவில் தகரத்தில் கோக்கும் தண்ணீர் நேராகப் படுக்கையில் சொட்டாது. இந்தச் சொட்டு சாதாரண விஷயமில்லை. மாலையில் 30 டிகிரியும் 85 சதவீதமுமாக மூடி வைத்த அறை, விடியலில் 24 டிகிரிக்கு இறங்கும்போது காற்றால் அந்த நீரைத் தாங்க முடியாது. தகரத்தில் பனித்து, காளான் குடைமேல் விழும். அடுத்த நாளே மஞ்சள் புள்ளி, அதற்கடுத்த நாள் வழவழப்பு.

தரையில் சிமெண்ட் வேண்டாம். இரண்டு அங்குலத்துக்கு ஆற்று மணல் பரப்பி நனைத்து வையுங்கள். மணல் மெதுவாக, நாள் முழுக்க ஈரத்தை விடும். பக்கச் சுவர்களில் கோணிச்சாக்கு தொங்கவிட்டு நனைப்பது நம் ஊர்களில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதே சாக்கை மாதக்கணக்கில் துவைக்காமல் தொங்கவிட்டால், பச்சைப் பூசணத்துக்கு நாமே நாற்றங்கால் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். இரண்டு செட் வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை மாற்றி, கழற்றியதை பிளீச்சிங் பவுடர் கலந்த நீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

இப்போது எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது மிகவும் உதவும். 3 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் சராசரி உயரம் என்றால் அறையில் சுமார் 40 கன மீட்டர் காற்று. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி 23 கிராம். ஆக மொத்த அறைக் காற்றும் முழுக்க நிறைந்து நின்றாலும் அதில் இருக்கும் தண்ணீர் 920 கிராம், ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்தக் காற்றை 5 டிகிரி குளிர்விக்க ஆவியாக வேண்டிய நீர் 100 மில்லி அளவுதான். அப்படியிருக்க நாலு குடம் அடித்தும் குளிரவில்லை என்றால் என்ன பொருள்? அடித்ததில் பெரும்பகுதி ஆவியாகவே இல்லை. துளி பெரிதாக இருந்ததால் தரையில் விழுந்தது. அல்லது அறை மூடியிருந்ததால் காற்று நிறைந்துபோய் இனி வாங்க மாட்டேன் என்கிறது. கூரையோ தொடர்ந்து சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. நிறைந்த காற்றை வெளியே தள்ளி, உலர்ந்த காற்றை ஈரச்சாக்கு வழியாக உள்ளே இழுத்தால் மட்டுமே குளிர்ச்சி தொடரும். மூடிய குடிலில் தண்ணீர் அடிப்பது முதல் பத்து நிமிடம் குளிரும். அதன்பின் வெறும் புழுக்கம்.

அதனால் எக்ஸாஸ்ட் ஃபேனைத்தான் இந்தக் குடிலின் உயிர் என்போம். ஒரு பக்கச் சுவரின் மேல்பகுதியில் ஃபேன். எதிர்ச் சுவரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையும் வழி, அதில் பேட் அல்லது இரண்டடுக்கு ஈரச்சாக்கு. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் நுழைவழி மேற்கிலும் ஃபேன் கிழக்கிலும் இருந்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். மேற்கு வெயில் சாக்கில் விழாமல் ஒரு தாழ்வாரம் இறக்கிவிடுங்கள். நுழைவழியின் பரப்பு ஃபேன் வாயைப்போல இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஈ புகாமல் இருக்க 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலை கட்டாயம். ஆனால் வலை காற்றை வெகுவாகக் குறைக்கும், தூசி படிந்தால் அடைத்தே விடும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் ஃபேன் சத்தம் மட்டும் வரும், காற்று வராது.

ஃபேன் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று எழுதியிருக்கும். 600 என்றால் நம் 40 கன மீட்டர் அறைக் காற்று நாலு நிமிடத்தில் ஒருமுறை மாறும். வலையும் சாக்கும் தடுப்பதைக் கழித்தால் ஆறு, ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கை கிழித்த அறையில் மணிக்கு நாலு முறையாவது காற்று மாற வேண்டும். அதாவது ஒவ்வொரு கால் மணியிலும் ஆறு, ஏழு நிமிடம் ஃபேன். கையால் போட்டு நிறுத்துவது நடக்காத காரியம்; ஓடும் நேரம், நிற்கும் நேரம் இரண்டையும் தனித்தனியாக வைக்கிற சைக்ளிக் டைமர் ஒன்று மாட்டிவிடுங்கள். பலரும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை முதலில் வாங்குகிறார்கள். எங்கள் கருத்தில் முதல் செலவு ஃபேனும் டைமரும்தான். வெப்பக் கட்டுப்பாடு பிறகு வாங்கலாம்.

ஏனென்றால் சிப்பிக் காளான் நம்மைப்போல மூச்சு விடுகிறது. கரியமில வாயுவை வெளியே விடுகிறது. இழை பரவும் காலத்தில் அது பையில் தேங்கினாலும் குறையில்லை. மொட்டு வந்த பிறகு தேங்கினால் காம்பு நீண்டு, குடை சிறுத்து, கொத்தாக நூல் நூலாக நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ‘ஈரம் போதவில்லை’ என்று இன்னும் மூடித் தண்ணீர் அடிப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. காளானைப் படிக்கப் பழகினால் மீட்டரே தேவையில்லை என்கிற அளவுக்கு அது சொல்லும். காம்பு நீளம், குடை சிறிது என்றால் காற்று போதவில்லை. வெளிச்சம் குறைந்தாலும் இப்படி வரும். குடை ஓரம் வெடித்து, மஞ்சள் படர்ந்து, மொட்டு காய்ந்து உதிர்ந்தால் ஈரம் குறைவு, அல்லது ஃபேன் காற்று நேராக மேலே அடிக்கிறது. குடைமேல் தண்ணீர் நின்று பழுப்பு மஞ்சள் புள்ளி வந்தால் ஈரம் மிகுதி, காற்று குறைவு. குடைமேலேயே வெள்ளைப் பஞ்சுபோல இழை வளர்ந்தாலும் அறை மிக ஈரமாக, காற்று அசையாமல் இருக்கிறது என்று பொருள். மொட்டே வராமல் இழை தடித்துத் தோலாக மாறினால் வெப்பம் 28-ஐத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

புள்ளி விழாமல் இருக்க ஒரு விதி போதும்: தண்ணீர் அடித்தால் குடையின் மேற்பரப்பு இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் உலர வேண்டும். நாள் முழுக்க ஈரமாகவே இருக்கக் கூடாது, வறண்டு போகவும் கூடாது. அதனால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு படுக்கைமேல் தெளிக்க வேண்டாம். தரைக்கும் சாக்குக்கும் மட்டும் போதும். மறுநாள் பறிக்க வேண்டிய காளானுக்கு முதல் நாள் மாலையிலிருந்தே தெளிப்பதில்லை. நனைந்த காளான் எடை கூடும் என்று அடித்துப் பறித்தால், கவரில் அடைத்த சில மணி நேரத்திலேயே வேர்த்துப் போய்க் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். புள்ளி ஏற்கனவே வந்துவிட்டால் பாதித்ததைப் பறித்து அப்புறப்படுத்தி, 10 லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து மென்மையாகத் தெளிக்கலாம். அன்று ஃபேன் நேரத்தைக் கூட்டாமல் இதை மட்டும் செய்தால் திரும்ப வரும்.

தண்ணீரைப் பனிபோலத் தூவும் ஃபாகர் போடுகிறவர்கள் அழுத்தத்தைக் கவனியுங்கள். 4 பார் அழுத்தம் இருந்தால்தான் பனி. வீட்டு மேல்தொட்டியிலிருந்து நேராக இணைத்தால் தூறல்தான். நாலு முனையும் சேர்ந்து மணிக்கு 28 லிட்டர் விடும் ஃபாகர் ஒன்று 15 விநாடி ஓடினால் சுமார் 120 மில்லி. மேலே சொன்ன கணக்கின்படி இந்த அறைக்கு ஒரு தடவைக்கு இதுவே போதும். மதியம் 12 முதல் 4 வரை ஃபேன் நின்றவுடன் 15 விநாடி என்று டைமரில் வைக்கலாம். காலையும் மாலையும் இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். முனையில் சொட்டு நிறுத்தும் வால்வு இல்லாவிட்டால் மோட்டார் நின்றபின் குழாயில் மிச்சமுள்ள தண்ணீர் முழுக்க ஒரே படுக்கையில் வடியும். இன்னொன்று நம் தண்ணீர். இந்த இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. அதோடு உப்பும் கடினமும் பல ஊர்களில் அதிகம். ஃபாகர் முனை வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும், குடைமேல் வெண்படலம் காயும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து ஃபாகருக்கு மட்டும் ஒதுக்குவது நல்ல வழி. இல்லையென்றால் முனைகளை வாரம் ஒருமுறை கழற்றி, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

வித்து பரவும் அறையில் வேறொரு சூடு இருக்கிறது. இழை வளரும்போது படுக்கைக்குள்ளேயே வெப்பம் பிறக்கும். அறை 30 டிகிரி என்றால் பையின் நடுவில் 33, 34 இருக்கும். அடுக்கி நெருக்கி வைத்தால் அதற்கும் மேல். 35-ஐத் தாண்டினால் இழை தளர்ந்து, அந்த இடத்தைப் பச்சைப் பூசணம் பிடிக்கும். மீட்டர் அறையின் எண்ணைக் காட்டும்; பையின் எண்ணைக் காட்டாது. கம்பி வெப்பமானி ஒன்றைக் காற்றுத் துளை வழியாக நடுப்பையில் செருகிப் பாருங்கள். முதல் பத்து நாள் இதைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். வெயில் காலத்தில் பைக்குப் பை ஒரு சாண் இடைவெளி விடுங்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலப் பைக்கு மேல் பெரிதாகப் போகவே வேண்டாம். தடிமன் கூடக்கூட நடுச்சூடு வெளியேறாது.

குடிலில் எதைச் சரிசெய்தாலும் வைக்கோலில் ஈரம் தவறினால் எல்லாம் வீண். ஐந்து செ.மீ. நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைத்த வைக்கோலைச் சுத்தமான தார்ப்பாயில் நிழலில் ஆற வைத்து, ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டு விழக் கூடாது. அது 65 சதவீத ஈரம். ஐப்பசியில் இந்தப் பதத்துக்கு வர வெயில் காலத்தைவிட இரண்டு மடங்கு நேரமாகும். அவசரப்பட்டுக் கட்டினால் பையின் அடியில் மஞ்சள் நீர் தேங்கி நாறும், கருப்பு மையாக உருகும் குடைக்காளான் முளைக்கும். இதைப் பார்த்து அறை ஈரம் கூடிவிட்டது என்று ஃபேனை ஓட்டுவதில் பயனில்லை.

மாதங்களுக்கு வருவோம். பங்குனி முதல் வைகாசி வரை தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரிச் சமவெளியில் சிப்பிக் காளானுக்கு வழி இரவில்தான் இருக்கிறது. அதிகாலை 4 முதல் 7 வரை ஃபேனைத் தொடர்ந்து ஓட்டி, மணலையும் சுவரையும் குளிரவிடுங்கள். எட்டரைக்குள் வாசலை மூடி, பகலில் ஈரச்சாக்கு வழியாக மட்டும் காற்று. இப்படிச் செய்தும் மதியம் 29-க்குக் கீழே வராவிட்டால் பால் காளானுக்கு மாறுங்கள். பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரிதான் பிடித்தமானது, ஈரப்பதம் 80 முதல் 85. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் இந்த வெயிலுக்கே ஏற்றது. நீல சில்பாலின் (பிளாஸ்டிக் விரிப்பு) கூரைபோட்ட, இரண்டு மூன்று அடி தரையில் இறக்கிய பந்தல் போதும். அதற்கு இருட்டு ஆகாது, நல்ல வெளிச்சம் வேண்டும். இழை பரவிய படுக்கையை இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மேல்மண்ணை இரண்டு செ.மீ. போட்டு, அந்த மண் காயாமலும் சேறாகாமலும் வைப்பதுதான் வேலை. சிப்பிக்குத் தேவையான 25 டிகிரியை அங்கே கொடுத்துவிட்டால் மொட்டு வராது. கோடையில் சிப்பியே வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், இளஞ்சிவப்புச் சிப்பி 30 டிகிரி வரை தாங்கும். ஆனால் பறித்த அன்றே விற்றுவிட வேண்டும், சீக்கிரம் வாடிவிடும். எந்த வித்து எந்த மாதத்துக்கு என்ற சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஆடியில் வெப்பம் தணியும், காற்றுதான் எதிரி. மேற்குக் காற்று கீற்று இடுக்கெல்லாம் புகுந்து ஒரே மதியத்தில் மொட்டுகளை உலர்த்திவிடும். அந்த மாதம் மேற்குச் சுவருக்கு வெளியே இரண்டடி தள்ளி நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டிக் காற்றின் வேகத்தை முறியுங்கள். நுழைவழியைப் பாதி மூடுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் ஃபாகரை நிறுத்திவிடலாம், சாக்கையும் கழற்றிவிடலாம்; ஃபேன் மட்டும் ஓடட்டும். மழை பெய்கிறதே என்று ஃபேனை நிறுத்துவதால்தான் புள்ளி நோய் அந்த மாதங்களில் அதிகம். கார்த்திகை முதல் மாசி வரை சமவெளியில் சிப்பிக்குப் பொற்காலம், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஓசூர் மேட்டில் அதே மாதங்களில் இரவு 15 டிகிரியை ஒட்டி இறங்கும். வித்து பரவ ஒரு வாரம் கூடுதலாக ஆகும். அங்கே பைகளை நெருக்கி வைத்து, படுக்கையின் சொந்தச் சூட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம். சமவெளியில் கோடையில் செய்யக் கூடாதது இங்கே மார்கழியில் சரி. அடுப்புக்கரி மூட்டி உள்ளே வைப்பது வேண்டவே வேண்டாம். புகை காளானுக்கு ஆகாது, மூடிய அறையில் ஆளையே கொல்லும். மின்சார ஹீட்டர் வைத்தால் ஈரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 16 டிகிரியில் 90 சதவீதம் ஈரமாக இருந்த காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டும் வெளியேறாமலே ஈரப்பதம் 63-க்கு இறங்கிவிடும். வெந்நீர் அண்டாவைத் திறந்து வைப்பது இரண்டையும் ஒன்றாகத் தரும், அதனால் சிறிய குடிலுக்கு அதுவே நல்லது.

கடைசியாகப் பாதுகாப்பு, இதில் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம். எப்போதும் நனைந்திருக்கும் அறையில் மின்கம்பி போகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். சுவிட்ச், டைமர், பிளக் எல்லாம் குடிலுக்கு வெளியே. உள்ளே ஃபேனும் நீர் புகாத விளக்கும் மட்டும். சிப்பிக் காளான் முதிர்ந்தால் புகைபோல ஸ்போர் எனும் நுண்விதைத் தூள் பறக்கும். அதை நாளும் சுவாசிப்பவர்களுக்குச் சளியும் இருமலும் காய்ச்சலும் வந்து, நுரையீரல் வரை பாதிக்கும். குடை ஓரம் சுருளத் தொடங்கும் முன்பே பறித்துவிடுங்கள். பறிக்கப் போகும் முன் பத்து நிமிடம் ஃபேனை ஓட்டுங்கள். உள்ளே போகிறவர் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும்.

மின்சாரம் போனால் முதலில் செய்ய வேண்டியது வாசலையும் எதிர் ஜன்னலையும் வலையோடு திறப்பது. ஃபேனுக்கு மட்டும் ஒரு சிறிய இன்வெர்ட்டர் இணைத்துவிட்டால் மூன்று நாலு மணி நேரம் கவலையில்லை. ஃபாகர் மோட்டாரை அதில் இணைக்க வேண்டாம். அது பேட்டரியை விழுங்கிவிடும், அந்த நேரத்துக்குத் தரை மணலில் ஒரு குடம் ஊற்றினால் போதும்.